ஒரு எஞ்சினீயரிங் சீட்டும் என் நாற்பது வருடப் பொறாமையும்

1

இந்த ஊரில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி என்று யார் வந்தாலும் இட்லி உண்டு, சாம்பார் உண்டு, கடைசியில் என் கதையும் உண்டு. கேட்காமலே பரிமாறிவிடுவேன். "எங்கள் ஊரில் எஞ்சினீயரிங் படிக்க எனக்குத் தகுதி இருந்தது. சலுகையில் வந்த ஒருவன் என் சீட்டை எடுத்துக்கொண்டான். அதனால்தான் கப்பல் ஏறினேன்." ஆங்கிலத்தில் சொல்லும்போது இதை இன்னும் கொஞ்சம் சோகமாகச் சொல்ல வரும். நாற்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டிருந்தது.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, லீட்ஸ் நகரத்தில். ஒரு கம்பெனியில் எந்திரங்களுக்குப் படம் வரையும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊருக்கு எழுதும் கடிதங்களில் மட்டும் எஞ்சினீயர். மகள் மீனா இங்கேயே பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் எஞ்சினீயரிங் சொல்லித்தருகிறாள். தனி வீடு பார்த்துப் போய்ப் பத்து வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், சோற்றைக் குறைத்துப் போடச் சொல்வாள், அம்மாவிடம் தமிழிலும் என்னிடம் ஆங்கிலத்திலும் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் என்னிடமும் தமிழ்தான். என் மனைவிக்குத் தேனிப் பக்கம். கோபப்படத் தேவையான தமிழை மகளுக்குக் குறைவில்லாமல் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனா தமிழில் பேசிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். கையில் ஒரு காகிதம்.

"அப்பா, இதப் படிங்க."

கறுப்பின, ஆசியக் குடும்பங்களிலிருந்து அவளுடைய துறைக்கு வருகிற பிள்ளைகள் குறைவு. வருகிறவர்களிலும் பாதிப் பேர் முதல் வருடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்களாம். அவர்களுக்காக வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்து, கூட ஓர் ஆசிரியரையும் இருத்த வேண்டும் என்று இரண்டு வருடமாகப் படிவம் படிவமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு படிவத்தில் 'சிறுபான்மையினர்' என்றால் யார் என்று விளக்கம் கேட்பார்கள். எழுதிக் கொடுத்தால், அடுத்த படிவத்தில் விளக்கம் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்பார்கள். ஒரு வழியாக விஷயம் கமிட்டிக்கு வந்திருந்தது. அடுத்த வாரம் ஓட்டெடுப்பு.

அவள் நீட்டிய காகிதம், திட்டத்தை எதிர்த்து அவளுடன் வேலை பார்க்கும் ஒருவர் எழுதியது. எங்கள் வீட்டில் இரண்டு முறை சாம்பாரை வாங்கி வாங்கிச் சாப்பிட்ட மனிதர். விருந்தில் நான் சொன்ன கதையோடு கடைசிப் பத்தியில் நான் இருந்தேன். இப்படிப்பட்ட சலுகைகளால் தகுதியுள்ளவர்கள் எப்படிப் பாதிக்கப்படுகிறார்கள் என்பதற்கு, இதைக் கொண்டுவருபவரின் தந்தையே சாட்சி என்று எழுதியிருந்தார்.

"இது நெசமாப்பா?"

"ஆமா" என்றேன். வாய் பழகிப்போயிருந்தது.

"நெசம்னா நான் இத வாபஸ் வாங்கிர்றேன். ஒங்கள வச்சுக்கிட்டு அங்க என்னால பேச முடியாது." காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அன்று சாப்பிடவும் இல்லை.

அந்த ஒரு வாரம் நான் யோசித்ததையெல்லாம் இனி எழுதுகிறேன். யோக்கியன் என்று பெயர் வாங்குவதற்காக இல்லை என்பது போகப்போகத் தெரியும்.

2

போடியில் எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். கடை ஊருக்குள்ளே. குரங்கணிக்கு மேலே சரிவில் குத்தகைக்கு எடுத்த காடு. அங்கேயே காயைக் காயவைத்து, தரம் பிரித்து, மூட்டை கட்டும் கொட்டகை ஒன்று உண்டு. ஸ்டோர் என்போம். ஸ்டோரில் முப்பது பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். அவர்களில் ஒருத்தியின் மகன்தான் முனியாண்டி. பட்டியல் சாதிப் பையன். போடியில் அரசாங்கம் நடத்திய இலவச விடுதியில் தங்கி, நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் என் வகுப்பிலேயே படித்தான். என்னை 'சின்ன மொதலாளி' என்று கூப்பிடுவான்.

அவனைப் பார்த்து எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன். கணக்கில் அவன் முந்துவான், சரி, அதற்குப் பொறாமைப்படலாம். அவனுக்கு விடுதியில் கொடுத்த தகரப் பெட்டியைப் பார்த்தும் பட்டேன். என் வீட்டில் தேக்குப் பெட்டி இருந்தது. இருந்தாலும் அந்தத் தகரப் பெட்டியின் மேல் வெள்ளைச் சாயத்தில் அவன் பெயரை எழுதியிருந்தார்கள்.

சாதிச் சான்றிதழ் வாங்க அவனுடைய ஆத்தாள் மலையிலிருந்து இறங்கி வந்து, தாசில்தார் ஆபீஸ் வாசலில் மூன்று நாள் காத்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் முத்திரை குத்திய காகிதத்தோடு அவனும் அவளும் எங்கள் கடையைத் தாண்டிப் போனார்கள். மூன்று நாள் அவள் ஸ்டோருக்குப் போகவில்லை என்று அப்பா கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அரசாங்கம் அதுவரை என் பெயருக்கு ஒரு தபால்கூட அனுப்பியதில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காகிதம் இல்லாமலே எனக்கு எல்லாம் கிடைத்தது என்பது அப்போது தெரியவில்லை. இல்லாதவனைப் பார்த்து இருக்கிறவன் படுகிற பொறாமைக்கு மருந்தே கிடையாது.

3

இண்டர்மீடியட் படிக்க இருவரும் மதுரைக்குப் போனோம். ஒரே கல்லூரி. நான் அத்தை வீட்டில், அவன் அங்கேயும் இலவச விடுதியில். எங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார் சாமுவேல் சார். கட்டையான மனிதர், சட்டைக் கையெல்லாம் அமிலம் பட்டு ஓட்டை ஓட்டையாக இருக்கும். இலவச விடுதிப் பையன்கள் ஆறு பேரை, வகுப்பு முடிந்த பிறகு ஆய்வுக்கூடத்திலேயே வைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பார். யாரும் உத்தரவு போட்டதில்லை. சாவி அவரிடம் இருந்தது, அவ்வளவுதான்.

நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஜன்னலைப் பார்ப்பேன். உள்ளே ஆறு பேரும் ஒரு விளக்கைச் சுற்றி நிற்பார்கள். சார் ஏதோ சொல்லுவார், எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

"சார், நானும் சாயங்காலம் வரட்டுமா?"

"ஒங்க வீட்ல காலேஜ் படிச்சவங்க எத்தன பேருப்பா?"

"சித்தப்பா, ரெண்டு மாமா, அண்ணன். நாலு பேரு சார்."

"சந்தேகம் வந்தா அவங்ககிட்டக் கேப்பேல்ல?"

"கேப்பேன் சார்."

"இவங்க என்கிட்டதான் கேக்கணும். நீ போயிட்டு வா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தோளைத் தட்டிக்கூட அனுப்பினார். ஆனால் என் வாழ்நாளில் ஒரு கதவு எனக்கு இல்லை என்று ஆனது அதுதான் முதல் தடவை. அந்தக் கதவு முனியாண்டிக்குத் திறந்திருந்தது. அன்றைக்கு அத்தை வீட்டில் வைத்த கோழிக்குழம்பு எனக்கு இறங்கவில்லை.

4

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியத்துக்கு யார் வாசல்படி தாண்டினாலும், முதல் தரக் காய் ஒன்றை அப்பா தம் கையாலேயே உரித்து வாயில் போட்டு அனுப்புவார். "நல்ல சோலிக்குப் போறவன் வாய் மணக்கணும்" என்பார். பெண் பார்க்கப் போனாலும் சரி, விலை பேசப் போனாலும் சரி. இறுதிப் பரீட்சைக்காக அப்பா ரயிலேறி மதுரைக்கே வந்துவிட்டார். கெமிஸ்ட்ரி செய்முறைத் தேர்வு அன்று காலை என் வாயில் ஒன்றைப் போட்டதோடு, சட்டைப் பையிலும் ஒரு பிடி போட்டுவிட்டார்.

கல்லூரி வாசலில் முனியாண்டி நின்றுகொண்டிருந்தான். அன்று எனக்கு ஏனோ தாராளம் வந்தது. பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"போட்டுக்க. அப்பா குடுத்தது. நல்லா எழுதலாம்."

அவன் கையை நீட்டி வாங்கினான். வாயில் போடவில்லை. என் முகத்தையே பார்த்தான், ஏதோ சொல்ல வந்தவன் போல. பிறகு காயைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பரிச்ச முடியட்டும்" என்றான். நான் கொடுத்ததை வாயில் போடக்கூட அவனுக்குக் கர்வம் இடம் கொடுக்கவில்லை என்று நினைத்தேன். என் தாராளம் அத்தோடு போயிற்று.

அந்தத் தேர்வில் ஆளுக்கொரு பொட்டலத்தில் பெயர் தெரியாத உப்பு கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அமிலம் விடுவது, சூடாக்குவது, நிறம் பார்ப்பது என்று வரிசையாகச் செய்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கொடுத்ததே ஒரே ஒரு உப்பு, அதுவும் தெரியவில்லை. கடைசியில் வாய்க்கு வந்த பெயரை எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

முனியாண்டி முதல் வகுப்பு. நான் இரண்டாம் வகுப்பு, அதுவும் கெமிஸ்ட்ரியில் தட்டுத்தடுமாறி. சென்னையில் எஞ்சினீயரிங் நேர்முகத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். ஒதுக்கீட்டில்தான். என்னைக் கூப்பிடவே இல்லை. அவனுக்கும் எனக்கும் நடுவே எத்தனையோ பேர் நின்றிருந்தார்கள். அந்த வருடம் முனியாண்டி என்று ஒருவன் இல்லாமலே இருந்திருந்தாலும் எனக்குச் சீட் கிடைத்திருக்காது. இது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

5

போடி பஸ் நிலையத்தில் இறங்கியதிலிருந்து ஒரே கேள்வி. "என்ன மாப்ளே, எஞ்சினீயரு எப்ப கெளம்புறாரு?" நான்கு பேரிடம் மழுப்பினேன். ஐந்தாவது ஆளிடம், எங்கள் கடைவாசலில், ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, "என் சீட்ட முனியாண்டிக்குக் குடுத்துட்டாங்க" என்றேன்.

எவ்வளவு லேசாக வந்தது அந்த வாக்கியம். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அப்பாவின் முகம் மட்டும் கறுத்துப்போனது. ஊர் முழுக்க ஒரே நாளில் பரவிவிட்டது. தோற்றுப்போனவனாக ஊருக்கு வந்தவன், பறிகொடுத்தவனாக நடமாட ஆரம்பித்தேன். அது சுகமாக இருந்தது.

பத்து நாள் கழித்து முனியாண்டி கடைக்கு வந்தான். அப்பா வெளியே போயிருந்தார். அவன் படியேறவில்லை. தெருவிலேயே நின்றான்.

"எங்க ஆத்தாவ இனிமே ஸ்டோருக்கு வரவேணாம்னு கங்காணி சொல்லிட்டாராம். அவ என்ன தப்புச் செஞ்சான்னு கேட்டுப் போக வந்தேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்களுக்குத் தெரியும், செல்வராசு."

அதுவரை அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது.

"என் சீட்ட எடுத்துக்கிட்டு நியாயம் வேற கேக்க வந்திட்டியாக்கும்?"

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பரிச்சயில ஒங்க உப்பு என்ன செஞ்சது? சொல்லுங்க."

"ஒண்ணும் செய்யல. வெள்ளையா இருந்துச்சு. அமிலம் விட்டேன், சும்மா கெடந்துச்சு."

"சூடு பண்ணி மோந்து பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒரு வாடையும் இல்ல."

"புளிச்ச காடி வாடை அடிச்சிருக்கும். அது ஒண்ணுதான் அந்த உப்புக்கு அடையாளம். வாயில ஏலக்காய் கெடந்தா எப்படித் தெரியும்?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். சாமுவேல் சார் சாயங்கால வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டாராம். வெற்றிலை, ஏலக்காய், மூக்குப்பொடி எதுவும் கூடாது, அன்றைக்கு மூக்குதான் உங்களுக்குக் கருவி என்று. ஏலக்காய் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு, வாயில் ஏலக்காய் இருப்பதே தெரியாது. வெறும் வாய் போலத்தான் இருக்கும்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன்டா சொல்லாம இருந்த?"

"சொல்லத்தான் வந்தேன். வாய் வரல. எங்க ஆத்தா தெனம் சாயங்காலம் கங்காணிகிட்ட வாயத் தொறந்து ஊதிக் காட்டித்தான் ஒங்க ஸ்டோர விட்டு வெளிய வர்றா. ஏலக்கா வாடை அடிச்சா மறுநா வேல கெடையாது. மொதலாளி மகன் கையில இருந்து காய வாங்கிக்கிட்டு, இத நீங்க வாயில போடாதீங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

காயைத் தின்றார்களா என்று பார்க்க வாயை ஊதச் சொல்வது எனக்குத் தெரிந்த விஷயம்தான். மழைக்காலத்தில் குடை பிடிப்பது போல, ஸ்டோர் என்றால் அதுவும் உண்டு என்றுதான் வைத்திருந்தேன்.

"ஆத்தாவ மட்டும் திரும்ப வரச் சொல்லுங்க" என்றான் முனியாண்டி. "அவளுக்கு வேல இல்லாட்டி நான் படிக்கப் போக முடியாது. நீங்க ஊருக்குள்ள என்ன சொன்னீங்களோ அது அப்படியே இருக்கட்டும். ஏலக்கா விசயத்த நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

"சரி. அப்பாட்ட சொல்றேன்" என்றேன்.

அன்று சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். "அப்பா, அந்த முனியாண்டி ஆத்தா..." அவர் கையை உதறினார். "ஒஞ் சீட்ட முழுங்குன குடும்பம். அதப் பத்தி இந்த வீட்ல பேச்சே வரக்கூடாது." அந்த இடத்தில், அவன் என் சீட்டை எடுக்கவில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதைச் சொன்னால், என் தோல்விக்கு அப்பாவின் கையும் அப்பாவின் காயும் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். நான் பறிகொடுத்தவன் இல்லை, வெறும் தோற்றவன் என்றும் ஆகிவிடும். இதைவிட அசிங்கமான காரணம் ஒன்றும் உண்டு. அவன் படிப்பு நின்றுபோனால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டேன்.

அவனுடைய ஆத்தாள் போடிமெட்டு தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் பாஷை தெரியாத ஊரில் ஓர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனாள். அந்த வயதில் தனியாக. முனியாண்டி படிப்பை விடவில்லை. கல்லூரி லீவு வரும்போதெல்லாம், அவன் படிப்பை விட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டானா என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். சில வருடம் கழித்து, நான் இங்கே வந்த பிறகு, அண்ணன் எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது: மின்சார வாரிய ஜீப்பில் முனியாண்டி ஊருக்கு வந்திருந்தான். அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

என்னைப் பற்றி அவன் கடைசி வரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. பேரத்தில் என் பங்கை நான் கொடுக்கவில்லை. அவன் தன் பங்கைக் கொடுத்துவிட்டான். அவனுடைய மார்க்கையும் ஜீப்பையும் விட, இதுதான் எனக்கு ஆறாத பொறாமை.

6

ஓட்டெடுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது மனைவியை உட்கார வைத்துச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"கல்யாணமான புதுசுல எங்கிட்டயும் அந்தக் கதையத்தான சொன்னீங்க? நான் அழுதேனே."

"ஆமா."

"அந்த அழுகையத் திருப்பிக் குடுங்க" என்றாள்.

கமிட்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும், 'பொய் சொன்னேன்' என்பதற்குப் பதிலாக 'தவறான எண்ணம் ஏற்பட இடம் கொடுத்துவிட்டேன்' என்றுதான் முதலில் வந்தது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கத்தில் சீட், உப்பு, சாமுவேல் சாரின் சாயங்காலம். மூன்றாவது பக்கத்தில் முனியாண்டியின் ஆத்தாள்.

மீனா வந்து வாங்கிக்கொண்டு போனாள். கமிட்டியில் அதைப் படித்திருக்கிறாள். திட்டம் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று தேறியது. எதிர்த்து எழுதியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி அனுப்பினார். கேட்க வேண்டியவர் அவர் இல்லை. முதல் நாள் சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் பதினோரு பிள்ளைகள் வந்ததாக மீனா போனில் சொன்னாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். அந்தப் பதினோரு பேர் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த வயதில், பேரப்பிள்ளை வயதுள்ளவர்கள் மேல். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது, மூன்றாவது பக்கத்தை மட்டும் மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இத நான் அங்க படிக்கலப்பா."

"ஏன்?"

"இது அவங்களுக்குச் சொல்ல வேண்டியது இல்ல." தமிழில்தான் சொன்னாள். ஆனால் கோபம் இல்லை. கோபம் இல்லாமல் அவள் என்னிடம் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. அதனால் ரொம்பவும் பயமாக இருந்தது. "நீங்க அந்தப் பொய்ய எங்க சொன்னீங்களோ அங்க போய் இதச் சொல்லுங்க."

அப்பா இல்லை. கடையை விற்றாயிற்று. காபி குடித்துக்கொண்டு உச்சுக் கொட்டியவர்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஆனாலும் போடியில் இதைப் படிக்கிற உங்களில் சிலராவது, முனியாண்டி எவன் சீட்டையோ எடுத்துக்கொண்டான் என்று உங்கள் அப்பாவோ மாமாவோ சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவன் ஓய்வு பெற்று ஊர்ப் பக்கம் எங்காவது இருந்தால், இன்றைக்கும் அவன் முதுகுக்குப் பின்னால் அதை யாராவது சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்தப் பொய்யை எங்கள் கடைவாசலில் சொன்னவன் நான், ஏலக்காய்க் கடை செல்வராஜ்.

முனியாண்டி என் சீட்டை எடுக்கவில்லை. அவன் ஆத்தாளின் வேலையை எடுத்தது நான்.